இருநூற்றுப் பதினாலாவது கல்யாணம்

எங்களை யாரும் துரத்தவில்லை.
அதுதான் முதல் சிக்கல்.
சரி என்று சொன்ன அன்றைக்கே
அப்பா மண்டபத்துக்குப் போன் போட்டார்:
எண்பது மேசை, மேசைக்குப் பத்துப் பேர்.
பெருக்கிப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த முகங்கள்
மூன்று மேசைக்குக்கூடத் தேறவில்லை.

ஆகவே ஓடுகிறோம்,
செந்தூலிலிருந்து திபிலிசிக்கு.
பள்ளியில் படித்த உடன்போக்கில்
கொதிக்கும் சுரம் இருந்தது,
தேடிக்கொண்டு பின்னால் வரும் செவிலி இருந்தாள்.
எங்கள் பின்னால் வருவது
முன்பணம் கேட்கும் சமையல்காரர் மட்டும்.

புவனேந்திரன் கண்டுபிடித்த ஊர்.
ஒரே நாளில் பதிந்து கொடுக்கிறார்களாம்.
பாஸ்போர்ட்டும் இரண்டு சாட்சியும் போதுமாம்.
சாட்சி இல்லாதவர்களுக்குச் சாட்சியும் கிடைக்குமாம்,
ஆளுக்கு நூற்று இருபது வெள்ளி,
பூங்கொத்து தனி.

தே தாரிக் ஆறி ஆடை கட்டும்வரை
மாமாக் கடையில் திட்டம் போட்டோம்.
அவன் போனில் கட்டம் கட்டமாய்க் கணக்கு:
டிக்கெட், அறை, மொழிபெயர்ப்பு முத்திரை,
தாலி கையிலா, பெட்டியிலா.
ராகுகாலம் எந்த ஊர் மணிக்கு என்று கேட்டேன்.
அங்கே நாலு மணி நேரம் பின்னால்.
நெடுநேரம் யோசித்து,
"ரெண்டுக்கும் நடுவுல பாத்துக்கலாம்" என்றான்.

மூன்றாம் முடிச்சு நாத்தனார் போடுவது.
அவனுக்குத் தங்கையும் இல்லை, அக்காவும் இல்லை.
வாடகைச் சாட்சி நினோவுக்கு வீடியோ அனுப்பினோம்.
சப்பாத்துக் கயிற்றில் போட்டுப் பார்த்து
பெருவிரல் ஒன்று அனுப்பினாள்.

மணமாகாதவள் என்று சத்தியம் செய்ய
மஸ்ஜித் இந்தியாவில் ஒரு மாடிப்படி.
கண்ணாடியை ஏற்றி என்னைப் பார்த்தார் ஆணையர்,
பத்து வெள்ளி வாங்கினார், குத்தினார்.
என் தனிமைக்கு அரசாங்க மை.
ஆறு மாதத்துக்குச் செல்லும்.

சௌகிட்டில் பழைய துணிக்கடையில்
குளிருக்கு ஒரு மேலங்கி.
முப்பத்து நாலு டிகிரியில் போட்டுப் பார்த்தேன்,
முதுகில் வேர்வை வழிந்தது.
பைக்குள் யாரோ கொரியாக்காரரின் பஸ் டிக்கெட்.
அவரும் எங்கேயோ ஓடியிருப்பார்.
எங்கள் பிளாட்டில் இவ்வளவு கம்பளியை ஒளிக்க
அப்பா அலமாரியின் மேல்தட்டுதான் இருந்தது.

அங்கே அந்த நோட்டு.
கிள்ளான் சுப்பையா மகள், ஐம்பது.
பந்திங் லோரி மணியம் இரண்டாவது பையன், முப்பது.
தெலுக் இந்தான், பெயர் விசாரிக்க மறந்துவிட்டேன், இருபது.
தொண்ணூற்றெட்டில் ஒரு வரி:
வேலை இல்லை. சாப்பிட்டு வந்தோம். ஐந்து.
அதன் கீழே வேறு மையில்:
மீதி கொடுத்தாச்சு.
இருநூற்றுப் பதின்மூன்று கல்யாணம்.

எதிர்ப் பக்கம், வரவு,
ஓர் எழுத்தும் இல்லை.
அடிக்கோல் வைத்துக் கோடு மட்டும் இழுத்திருந்தார்,
பக்கம் பக்கமாய்.
எண்ணினேன்.
எண்ணூறு.

புவனிடம் சொன்னேன்.
"மொத்தம் எவ்வளவு?"
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
"நாம கட்டிடலாமா?"
கேட்டது அவன்தான்.
பிறகு இருவரும்
ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே இருந்தோம்,
தின்னவில்லை.

வியாழன் இரவு விமானம்.
அன்று காலை அப்பா வேலைக்குப் போனதும்
நோட்டை இறக்கினேன்.
கொடுத்த பக்கத்தில், கடைசி வரிக்குக் கீழே
அவர் எழுத்தைப் போலவே சாய்த்து:
திபிலிசி, கோகிலவாணி கல்யாணம்.
தொகை எழுதவில்லை.
பேனாவை உள்ளேயே வைத்து மூடினேன்.

விமான நிலையத்தில்
பிளாஸ்டிக் தட்டில் அவன் பெல்ட், வீட்டுச் சாவி,
சிவப்புத் துணியில் சுற்றிய தாலி.
அதன் மேல் என் போன்.
வெளிச்சம் வந்தது. அப்பா.
மண்டபத்தில கேக்கறாங்க,
சைவ மேசை எத்தனைம்மா?

பதில் எழுதக் கை நீட்டுவதற்குள்
தட்டு
உள்ளே போய்விட்டது.